ஊர்த் திட்டம் எழுதும் மானியமும் நாமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் நமக்குக் கிடைக்கும் தலைப்பு வழக்கமாக இலக்கியத்தைச் சார்ந்ததாகவே இருக்கும். சிலம்பைப் பற்றிப் பேசியிருக்கிறோம். குறளைப் பற்றிப் பேசியிருக்கிறோம். இவ்வாண்டு நிர்வாகக் குழுவினரிடம் நாமே கேட்டு வேறொரு பொருளைப் பெற்றுக்கொண்டோம். வாய்க்கால், சாலை, நிலப்படம், அரசாங்க மானியம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு இது. நாட்டிய நிகழ்ச்சிக்கு முன்னர் இதையும் கேட்டுத் தொலைக்க வேண்டியிருக்கிறதே என்று முன்வரிசைக் குழந்தைகள் முணுமுணுப்பது நம் செவியில் விழாமல் இல்லை. விரைவில் முடித்துவிடுகிறோம்.

2017ஆம் ஆண்டு நவம்பர் மாதம் பெங்களூரு நகரத்துக்கான 2031ஆம் ஆண்டு வரையிலான பெருந்திட்டத்தின் வரைவு வெளியிடப்பட்டது. எந்த இடத்தில் வீடு கட்டலாம், எந்த இடத்தில் தொழிற்சாலை வரலாம், எது பூங்கா, எது சாலை, வாய்க்காலின் இருபுறமும் எத்தனை மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்பனவெல்லாம் அதில் நிறம் தீட்டிக் காட்டப்பட்டிருந்தன. மக்கள் பார்த்துக் கருத்துச் சொல்வதற்கு அறுபது நாட்கள் கொடுத்தார்கள். நகரெங்கும் இருந்து ஆயிரக்கணக்கான ஆட்சேபங்கள் போய்க் குவிந்தன. நம் காலனியிலிருந்து போனவை எத்தனை? ஒன்றுமில்லை. அந்த அறுபது நாட்களில் நாம் மார்கழி பஜனைக்கும் பொங்கல் விழாவுக்கும் மும்முரமாக ஏற்பாடு செய்துகொண்டிருந்தோம். நம் பிள்ளைகள் விளையாடும் திடல் அந்தப் படத்தில் பூங்காவின் பச்சை நிறத்தில் இருந்ததா, குடியிருப்பின் மஞ்சள் நிறத்தில் இருந்ததா என்பது இன்றுவரை நம்மில் ஒருவருக்கும் தெரியாது. பின்னர் அவ்வரைவே கைவிடப்பட்டது. நமக்குத் தீங்கு ஏதும் நேரவில்லை. ஆனால் அது நம்முடைய திறமையால் நேராமற்போனதன்று.

இதைச் சொல்லும்போது ஒரு பெரியவர் நம்மைத் தடுத்து, "தம்பி, திட்டம் போடுவது சர்க்கார் வேலை, பிழைக்க வந்த நமக்கு அதில் என்ன?" என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் விளைவே இப்பேச்சு.

முதலில் இம்மானியம் என்பது என்னவென்று பார்ப்போம். ஒரு சிறு நகரசபையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுவரியில் வரும் பணம் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்கும் தெருவிளக்குக்கும் தண்ணீர்க் குழாய்க்குமே போதாது. அந்நகரசபையிடம் போய், இருபது ஆண்டுக்குப் பின் உன் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதிக் கொடு என்றால், அது எங்கே போகும்? திட்டம் எழுதுவது மேசையில் உட்கார்ந்து முடிக்கும் காரியமன்று. நிலத்தை அளக்க வேண்டும். எந்த மனை எதற்குப் பயன்படுகிறது என்று தெருத் தெருவாகக் குறிக்க வேண்டும். மக்கள்தொகை எவ்வளவு பெருகும் என்று கணக்கிட வேண்டும். படம் வரைய வேண்டும். மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும். இதற்கெல்லாம் அறிந்த ஆட்களும் வேண்டும், பணமும் வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் மறுநாளே மக்கள் வந்து சண்டை போடுவார்கள். திட்டம் இல்லை என்றால் இருபது ஆண்டுக்கு ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆகவே திட்டச் செலவு எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இந்நாட்டிலுள்ள 7,933 நகர்ப்புறக் குடியிருப்புகளில் நூற்றுக்கு 65 பங்குக்குப் பெருந்திட்டம் என்பதே இல்லை என்று கூறுகிறது. இவ்விடத்தில்தான் மேலே உள்ள அரசாங்கம் கைகொடுக்க வேண்டியதாகிறது. திட்டத்தை நிறைவேற்றுவதற்கு மட்டுமன்றித் திட்டத்தை எழுதுவதற்கே பணம் கொடுப்பது என்னும் முறை இவ்வாறு பிறந்தது.

அமெரிக்க நாட்டில் இது 1954ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டத்தின் 701ஆம் பிரிவாக வந்தது. இருபத்தையாயிரம் பேருக்குக் குறைவான சிற்றூர்களே முதலில் கருத்தில் இருந்தன. திட்டம் எழுதும் செலவில் பாதியை மத்திய அரசு தரும். பணம் மாநிலத்தின் வழியாக ஊருக்குச் சேரும். ஆயிரக்கணக்கான ஊர்கள் இதனால் திட்டம் பெற்றன. ஆனால் ஒரு குறையும் அதனோடு பிறந்தது. மானியம் வந்ததும் பல ஊர்கள் வெளியூர் நிபுணர்களை அழைத்து வேலையை ஒப்படைத்துவிட்டன. அவர்கள் ஓர் ஊருக்கு எழுதியதைப் போலவே அடுத்த ஊருக்கும் எழுதிக் கொடுத்தார்கள். அழகாக அச்சிட்ட புத்தகங்கள் நகர மன்ற அலமாரிகளில் ஏறி உட்கார்ந்தன. 1981இல் அந்த மானியம் நின்றது.

நம் நாட்டில் இக்கதை அதற்கும் முந்தியது. 1914ஆம் ஆண்டு சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பில் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் சென்னைக்கு வந்தார். மறு ஆண்டு மாகாணத்தின் பல ஊர்களுக்குச் சென்று அறிக்கைகள் எழுதினார். அவற்றுள் மதுரையும் தஞ்சாவூரும் உண்டு. அவர் ஊருக்குள் நுழைந்தால் அலுவலகத்தில் உட்காரமாட்டார். சந்து சந்தாக நடப்பார். அக்காலத்து நகரசபைகளுக்கு நெரிசலான தெருவென்றால் ஒரே மருந்துதான் தெரியும்: வீடுகளை இடித்து நேர்க்கோட்டில் அகன்ற சாலை போடுவது. கெடிஸோ, மருந்துக்கு முன் நோயை அறியுங்கள் என்றார். பாழடைந்த இரண்டொரு வீட்டை மட்டும் நீக்கி, அந்த வெற்றிடத்தில் ஒரு மரம், ஒரு கிணறு, சிறு முற்றம் அமைத்தால் போதும். பத்துக் குடும்பங்களைத் தெருவில் நிறுத்த வேண்டியதில்லை, செலவும் மிகக் குறையும் என்று காட்டினார். அரசாங்க உதவி என்பது பணமாக மட்டும் வருவதன்று. அறிந்தவர் ஒருவரைச் சிற்றூருக்கு அனுப்பிவைப்பதும் உதவிதான். 1920இல் சென்னை மாகாணத்துக்கு நகரமைப்புச் சட்டம் வந்தபோது இந்நடையின் தடம் அதற்குப் பின்னால் இருந்தது என்றே நாம் கருதுகிறோம்.

இந்நகரத்துக்கு வருவோம். 1898ஆம் ஆண்டுப் பிளேக் நோய்க்குப் பின்னரே பசவனகுடியும் மல்லேசுவரமும் நேரான தெருக்களுடன் எழுந்தன. 1945இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் ஏற்பட்டது. ஜெயநகரும் ராஜாஜி நகரும் அதன் காலத்தவை. தமிழர் ஒருவர் பெயரால் ஒரு நகர்ப்பகுதி அமைந்ததென்று நம்மவர் பெருமைப்படுவதுண்டு, படட்டும். 1961இல் மைசூர் மாநிலத்துக்கு நகர ஊரமைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1972இல் ஒரு திட்டம், 1984இல் ஒன்று, 1995இல் திருத்தம், 2007இல் இன்னொன்று என நான்கு திட்டங்கள் ஒப்புதல் பெற்றன. 2007இல் வந்ததை 2015ஆம் ஆண்டுத் திட்டம் என்பார்கள். அந்த 2015 கழிந்தும் புதியது வராமையால் பழையதே நடந்துவந்தது.

ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்திட்டங்களை எழுதியது மக்கள் தேர்ந்தெடுத்த நகரசபை அன்று. மாநில அரசு அமைத்த அமைப்புகள் எழுதின. 2007இல் வந்த திட்டத்தின் வேலையில் வெளியார் நிறுவனமும் ஈடுபட்டது. 1992ஆம் ஆண்டின் 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வேறொன்றைச் சொல்கிறது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பெருநகர்ப் பகுதியில் பெருநகரத் திட்டக் குழு ஒன்று வேண்டும். அதன் உறுப்பினருள் மூன்றில் இரு பங்குக்குக் குறையாதவர்கள் நகரசபை உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். மூன்று லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் வார்டுக் குழுக்கள் வேண்டும். பெங்களூரில் அத்திட்டக் குழு அமைந்தது 2014இல். அதுவும் வழக்கு மன்றம் தலையிட்ட பிறகு. 2020 செப்டம்பரில் மாநகராட்சி மன்றத்தின் காலம் முடிந்தது. அதன்பின் ஐந்தாண்டுகள் கழிந்தும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லாமலே நகர் நடந்தது. 2024ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பழைய மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. எல்லைக் கோடுகள் எப்படி மாறினாலும் வார்டுக் குழு என்னும் அமைப்பு சட்டத்தில் நிற்கிறது. அது நமக்கு வேண்டியது.

திட்டம் எழுத வரும் பணம் கொஞ்சமன்று. 2015இல் தொடங்கிய அம்ருத் திட்டத்தில் ஐந்நூறு நகரங்களுக்குக் கணினி நிலப்படத்தோடு கூடிய பெருந்திட்டம் எழுதுவதற்கென்றே ரூ. 515 கோடி ஒதுக்கினார்கள். செலவு முழுதும் மத்திய அரசுடையது. கிராமங்களுக்கோ 14ஆவது நிதிக்குழு 2015 முதல் ஐந்தாண்டுக்கு ரூ. 2,00,292 கோடி மானியம் பரிந்துரைத்தது. அப்பணத்தைச் செலவிட ஒவ்வோர் ஊராட்சியும் தன் வளர்ச்சித் திட்டத்தைத் தானே எழுத வேண்டும் என்று மத்திய அரசு வற்புறுத்திற்று. 2018 அக்டோபர் 2ஆம் நாள் முதல் அதை நாடு தழுவிய இயக்கமாகவும் நடத்தினார்கள். கிராமத்தார் எழுதுகிறார்கள், நகரத்தில் படித்தவர்களாகிய நாம் எழுதவில்லை. வேடிக்கைதான்.

மானியம் எவ்வாறு உயிர்பெறும் என்பதற்கு நம் அண்டை மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. கேரளத்தில் 1996 ஆகஸ்டில், சிங்ஙம் முதல் நாளன்று, மக்கள் திட்ட இயக்கம் தொடங்கிற்று. மாநிலத் திட்டப் பணத்தில் நூற்றுக்கு 35 முதல் 40 பங்கை உள்ளாட்சிகளுக்கே கொடுப்பது என்று முடிவாயிற்று. இன்னதற்குத்தான் செலவிட வேண்டும் என்ற கட்டும் பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. முதலில் கிராம சபை கூடவேண்டும். கூட்டமாக உட்கார்ந்து சொற்பொழிவு கேட்பதன்று. வேளாண்மை, குடிநீர், கல்வி, பெண்கள் நலம் எனச் சிறு சிறு குழுவாகப் பிரிந்து பேசவேண்டும். பிறகு ஒவ்வோர் ஊராட்சியும் தன் ஊரின் வரலாறு, நிலம், நீர், குறை, வளம் எல்லாம் அடங்கிய வளர்ச்சி அறிக்கை ஒன்றை எழுதவேண்டும். அதன்மேல் கருத்தரங்கு, அதன்பின் பணிக்குழுக்கள், அதன்பின்னரே திட்டம். நூற்றுக்குப் பத்துப் பங்கு பெண்களுக்கான திட்டங்களுக்கென ஒதுக்கவும் செய்தார்கள்.

அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. ஊராட்சிகள் எழுதிய திட்டங்களில் கணக்குப் பிழைகள் நிறைய இருந்தன. பாலத்துக்கு மதிப்பீடு போடத் தெரிந்தவர் இல்லை. அதற்கு அவர்கள் கண்ட வழி நம் காலனிக்கு மிகவும் பொருந்தும். ஓய்வு பெற்ற பொறியாளர்களையும் அலுவலர்களையும் ஆசிரியர்களையும் அழைத்தார்கள். சம்பளம் இல்லை. அவர்கள் ஊராட்சித் திட்டங்களைப் படித்துத் திருத்திக் கொடுத்தார்கள். இந்த அரங்கில் இப்போது அமர்ந்திருப்பவர்களைச் சற்றே திரும்பிப் பாருங்கள். தொலைபேசித் தொழிற்சாலையிலும் விமானத் தொழிற்சாலையிலும் கடிகாரத் தொழிற்சாலையிலும் முப்பது ஆண்டு வரைபடப் பலகையின் முன் நின்றவர்கள் எத்தனை பேர்! ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பிழையின்றி அளந்த கைகள், தெரு வாய்க்காலின் அகலத்தை அளக்க இதுவரை நாடாவை எடுத்ததில்லை.

கேரளத்திலும் எல்லாம் தேனாக ஓடவில்லை. முதல் ஆண்டுகளின் வேகம் பின்னர்த் தணிந்தது. கட்சிப் பூசல் புகுந்தது. எனினும் ஊர்ப் பணம் எவ்வளவு, எங்கே போகிறது என்று கேட்கும் பழக்கம் அம்மக்களிடம் நின்றுவிட்டது.

கர்நாடகமும் இதில் பின்தங்கிய மாநிலமன்று. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1987இல் தேர்தல் நடத்தி மாவட்ட மன்றங்களுக்கு உண்மையான அதிகாரத்தைத் தந்தவர் அமைச்சர் அப்துல் நசீர் சாப். கிராமந்தோறும் ஆழ்குழாய்க் கிணறு தோண்டியமையால் மக்கள் அவரை 'நீர் சாப்' என்றே அழைத்தார்கள். அதை நாம் நம் மேடைகளில் சொல்வதில்லை. உத்தரமேரூர் என்றவுடன் கைதட்டுகிறோம். பராந்தகச் சோழன் காலத்தில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் குடவோலையால் அமைந்தன என்று மார்தட்டுகிறோம். அந்த ஏரி வாரியத்தார் கல்வெட்டைப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்தவர்கள் அல்லர், ஏரியைத் தூர்வாரிக்கொண்டிருந்தவர்கள். டொம்மலூர்ச் சொக்கநாத சுவாமி கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன என்பதையும் நாம் ஆண்டுதோறும் சொல்கிறோம். ஆனால் நம் வார்டுக் கூட்டப் பதிவேட்டில் ஒரு தமிழ்ப் பெயராவது உண்டா என்று பார்த்ததில்லை.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலர் கோலார் தங்க வயலிலிருந்து வந்தவர்கள். அங்கே லைன் வீட்டைக் கட்டியது கம்பெனி. தண்ணீர் கொடுத்தது கம்பெனி. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது சுரங்கத்துக்காக. ஆலைத் தொழிலாளராகவும் பொதுத்துறைத் தொழிற்சாலை ஊழியராகவும் வந்தவர்களுக்கும் குவார்ட்டர்ஸும் பூங்காவும் பள்ளியும் நிர்வாகமே அமைத்துக் கொடுத்தது. ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று நம்மை எவரும் கேட்டதில்லை, கேட்காமலே கிடைத்தது. 2001 பிப்ரவரியில் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது அங்கே மீந்தது இதுதான்: எல்லாவற்றையும் கம்பெனியே செய்துவந்த ஊரில், தங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பழகியவர் ஒருவரும் இல்லை. அப்பழக்கமின்மையை மூட்டையோடு கட்டிக்கொண்டு நாம் இங்கும் வந்துவிட்டோம்.

இன்னொரு காரணம் மொழி. வார்டுக் கூட்டம் கன்னடத்தில் நடக்கும். நாம் பேசினால் வேற்றார் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். ஆனால் வாய்க்கால் பொங்கினால் கன்னடர் வீடு, தமிழர் வீடு, தெலுங்கர் வீடு என்று பார்த்தா புகுகிறது? 2022 செப்டம்பர் மழையில் நம் பின்தெருவில் இரவு முழுதும் அண்டை வீட்டுக் கன்னடக் குடும்பத்தாரும் நாமும் ஒரே மாடியில்தான் நின்றோம். அவர்கள் வீட்டு அம்மாள் போட்டுக் கொடுத்த காபியை இன்னும் மறக்கவில்லை.

அந்த வாய்க்காலைப் பற்றியே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்நகரின் ஏரிகள் நம்மூர் ஏரிகளைப் போலவே சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே கீழ் ஏரிக்கு நீர் போகும். அப்பாதையே ராஜகாலுவே. 2015ஆம் ஆண்டுத் திட்டம் முதல் நிலை வாய்க்காலுக்கு 50 மீட்டர், இரண்டாம் நிலைக்கு 25, மூன்றாம் நிலைக்கு 15 என்று கட்டடம் கூடாத இடைவெளி வகுத்தது. 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சில இடைவெளிகளை மேலும் கூட்டியது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அந்தக் கூட்டலை நீக்கிற்று. நம் பின்தெருவில் ஓடுவது இரண்டாம் நிலையா, மூன்றாம் நிலையா? பத்து மீட்டர் வேறுபாட்டில் ஐந்தாறு வீடுகள் அடங்கும். மகள் திருமணத்துக்காக வீட்டின் மேல் கடன் வாங்கப் போனவர், மாடி எழுப்ப அனுமதி கேட்கப் போனவர் எல்லாரும் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள். வாய்க்காலுக்கும் இடம் வேண்டும் என்பதை 2022இன் நீர் நமக்குக் கற்பித்துவிட்டது. ஆகையால் இடைவெளியே வேண்டாம் என்று நாம் வாதிடவில்லை. எந்தக் கோடு எங்கே விழுகிறது, வீடு இழப்பவர்க்கு மாற்றிடம் எங்கே என்பவை திட்டம் எழுதும் நாளில் பேசப்பட வேண்டியவை. இயந்திரம் வந்து நின்றபின் பேசிப் பயனில்லை.

அந்தப் பெரியவர் கேட்ட கேள்விக்கு நம் விடை இதுவே. மானியம் மேலிருந்து வரும், நிபுணரும் வருவார். வானத்திலிருந்து எடுத்த படம் கூரையைக் காட்டும். கூரையின் கீழ் எத்தனை குடும்பம் என்று காட்டாது. எந்தச் சந்தில் கிழவி விழுந்தாள், எந்தக் குழாயில் விடியற்காலை மூன்று மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று காட்டாது. அதை எழுதி முன்னரே வைத்திருக்கும் தெருவின் குரல் திட்டத்தில் ஏறும். வைத்திராத தெரு, வேறோர் ஊருக்கு எழுதியதைத் தனக்கும் பெற்றுக்கொள்ளும்.

ஆகவே நிர்வாகக் குழுவின் இசைவுடன் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். விழா முடிந்து வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, பின்தெருவிலிருந்து தொடங்கித் தெருக் கணக்கு எடுக்கிறோம். ஓய்வு பெற்ற அன்பர்கள் நால்வர் அளவு நாடாவுடன் வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மூட்டு வலி உள்ளவர் நாற்காலியில் அமர்ந்து எழுதட்டும். தண்ணீர், விளக்கு, குப்பை, பிள்ளைகள் பள்ளி செல்லும் வழி ஆகியவற்றைத் தாய்மார்களே எழுத வேண்டும். ஆடவர்க்கு அவை தெரியா என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் நமக்கு நாணமில்லை. 2022இல் நீர் எந்த உயரம் ஏறியது என்ற கறை இன்னும் சில சுவர்களில் இருக்கிறது. வெள்ளை அடிப்பதற்குமுன் அதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பள்ளியில் கன்னடம் பயிலும் நம் பிள்ளைகள் எல்லாவற்றையும் கன்னடத்தில் எழுதித் தருவார்கள். அண்டை வீட்டுக் கன்னட ஆசிரியர் பிழை பார்த்துத் தருவதாகக் கூறியிருக்கிறார். அவர்கள் தெருக்களின் கணக்கும் நம்முடையதோடு சேர்ந்தே வார்டுக் குழுவுக்குப் போகும்.

கோடிட்ட நோட்டுப் புத்தகங்கள் பன்னிரண்டு, சங்க நூலகத்தில் மேசையின் மேல் வைக்கப்பட்டுள்ளன. தெருவுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இப்போது குழந்தைகளின் நாட்டியம் தொடங்கட்டும்.